மண் கோயில் சாவியக்கா

மாதா சுரூபத்தின் வலது கைச் சுண்டுவிரல் மைதா மாவாலும் சாக்பீஸ் தூளாலும் ஆனது. பங்கு மக்கள் யாருக்கும் இது தெரியாது. பங்குத்தந்தைக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அதைப் பிசைந்து ஒட்டிய சாவியக்காவுக்குத் தெரியும்.

விரல் எப்படி உடைந்தது என்று அவர் சொன்னதில்லை. உடைந்த அன்று மாலை ஜெபமாலைக்குக் கூட்டம் வருவதற்குள் புது விரல் காய்ந்து, வெள்ளை பூசி, மணிக்கட்டில் மல்லிகைச் சரமும் ஏறிவிட்டது. எறும்பு வராமலிருக்க மாவில் கொஞ்சம் மஞ்சள் வேறு சேர்த்திருந்தாராம். ஒரு வருடம் கழித்து, மாலையை மாற்றும்போது ஃபாதர் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறார். "உடைஞ்சதை உடைஞ்ச மாதிரியே விட்டுற முடியுமா சாமி? வாரவங்க கண்ணுல படக்கூடாதுல்ல" என்பது பதில். ஃபாதர் அதோடு விட்டுவிட்டார். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர் அவர். சாதுவானவர். அக்காவிடம் அவருக்குக் கொஞ்சம் பயமும் இருந்தது.

அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. கோயில் சாவி அவர் முந்தானை முடிச்சில் கிடந்ததால் சாவியக்கா. ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் குங்குமம் வைப்பவர், ஞாயிறு பூசை நேரத்தில் வாசலில் செருப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டு வெளியிலேயே நிற்பவர். கோயிலுக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தார். அந்த அறை சாவியோடு சேர்ந்தது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் அறை.

கோயில் இருப்பது மதுரையில் கோச்சடைப் பக்கம், வைகைக்குப் போகும் ஒரு சந்தில். ஒரு புறம் அடுக்குமாடிக் குடியிருப்பு, மறுபுறம் இன்னொரு அடுக்குமாடிக்காகத் தோண்டிய குழி, எதிரில் பைக் ஷோரூம். நடுவில் இது மட்டும் சூளையில் வைக்காத பச்சைக் கல்லால், மண்ணைக் குழைத்து வெயிலில் காயவைத்த கல்லால், கட்டியது. சுவர் ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம் என்கிற அளவுக்குக் கனம். மேலே சுண்ணாம்பு. எத்தனை வருடத்துக் கட்டடம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கட்டியபோது கோயில் ரோட்டை விட உயரமாக இருந்ததாம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, இப்போது ரோட்டிலிருந்து மூன்று படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். மழைத் தண்ணீரும் அந்த மூன்று படி வழியாகத்தான் இறங்குகிறது. பச்சை மண் சுவருக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

நான் கட்டடப் பொறியாளன். ஊர் டி. கல்லுப்பட்டிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய், என்னைப் படிக்க வைத்து, பிறகுதான் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். நான் பிறந்தது மண் வீட்டில். மழை பிடித்தால் எந்தச் சுவரோரம் படுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம். அதனால் மண் சுவரைப் பார்த்து உருகுகிற ஆள் நான் இல்லை. பரம்பரை, பாரம்பரியம் என்று காமிராவோடு வந்து நிற்கும் கூட்டத்தைக் கண்டால் எரிச்சல்தான் வரும். ஒரு மழைக்காலம் அதற்குள் படுத்துப் பார்க்கட்டும் என்று தோன்றும்.

பங்குப் பேரவையில் பாதிப் பேர் கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்றார்கள். நகரம் பெருத்து, ஞாயிற்றுக்கிழமை பாதிக் கூட்டம் சந்தில் நின்றுதான் பூசை காண்கிறது. மீதிப் பேர் ஒரு கல்லைத் தொடக் கூடாது என்றார்கள். சண்டை முற்றி, தெற்குச் சுவரில் உள்ள விரிசலை ஒரு பொறியாளர் திருவிழா வரை கவனிக்கட்டும், அவர் எழுதித் தருவதற்கு இரண்டு தரப்பும் கட்டுப்படும் என்று முடிவானது. பங்கைச் சேராத ஆள் என்பதால் என்னைப் பிடித்தார்கள்.

விரிசலைக் கவனிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை இரு பக்கமும் பிளாஸ்டர் வைத்து ஒட்ட வேண்டும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையவில்லை என்றால் விரிசல் பழையது, சுவர் சும்மா நிற்கிறது என்று அர்த்தம். செலவில்லாத வேலை, ஏமாற்றாத வேலை. செப்டம்பரில் ஐந்து பட்டைகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எண்ணும் தேதியும் எழுதினேன். அக்கா பக்கத்தில் நின்று பிளாஸ்டர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் தொடாமப் பாத்துக்கங்க அக்கா."

"என்னைத் தாண்டி யாரு தம்பி தொடப்போறா? நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

அதற்கு முன்பே அவரைப் பற்றி எனக்கு ஒரு குழப்பம் உண்டு. அறையில் கல்யாணப் போட்டோ மாட்டியிருப்பார். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், லீவு கிடைப்பதில்லை என்பார். ஒருநாள் பரவை மார்க்கெட்டுக்கு வெங்காயம் வாங்கப் போனபோது, அந்தப் போட்டோவில் இருந்த அதே ஆள், தலை மட்டும் நரைத்து, மூட்டைமேல் உட்கார்ந்து ஏலம் கூவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். என் நாக்கு சும்மா இருக்குமா? மறுமுறை போனபோது உளறிவிட்டேன்.

"உங்க வீட்டுக்காரரைப் பரவையில பாத்த மாதிரி இருந்துச்சு அக்கா."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இருக்காது தம்பி. அவரு மாதிரி எம்புட்டோ பேரு இருப்பாக" என்றார். டீ போட்டுக் கொடுத்தார். நான் கிளம்பும்போது, "ஒருவேளை லீவுக்கு வந்திருப்பாரு. வந்த கையோட வேலையைப் பாக்க ஆரம்பிச்சிருப்பாரு. சும்மா இருக்கத் தெரியாத மனுசன்" என்றார். என் வாயில் வந்த விரிசலுக்கு அவர் பூச்சு வேலை பார்க்கிறார் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பாவம், விஷயம் தெரியாமல் இருக்கிறாரே என்றுதான் நினைத்தேன். தெரியாதவர் நான்தான்.

இப்படி அவர் மறைத்தவை ஏராளம். கால் ஆடும் பெஞ்சின்மேல் பூச்சாடி வைத்திருப்பார், யாரும் உட்காராமல் இருக்க. கல்யாணப் பெண்ணின் ரவிக்கை தையல் விட்டுப்போனால் நிமிஷத்தில் ஊசியோடு வந்து நிற்பார். ஃபாதரின் அங்கியில் விழுந்த ஓட்டையை ஃபாதருக்கே தெரியாமல் இழை சேர்த்துத் தைத்து மாட்டியிருக்கிறார். பாராட்டினால் பிடிக்காது. பார்த்துவிட்டோமே என்று வருத்தப்படுவார்.

அக்டோபரில் போய்ப் பார்த்தேன். ஐந்து கண்ணாடியும் முழுசாக இருந்தன. நவம்பரில் மழை. எனக்கு வேறு இரண்டு சைட்டில் வேலை நெருக்கியது. ஃபோன் போட்டேன்.

"கண்ணாடி எப்படி இருக்கு அக்கா?"

"நல்லா இருக்கு தம்பி. நீங்க மழையில அலையாதீக."

நானே நேரில் பார்த்ததைப் போல, மாதாமாதம் எழுதும் தாளில் நவம்பர் கட்டத்தில் 'மாற்றமில்லை' என்று நிரப்பினேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் போனேன். கண்ணாடிகள் அப்படியே, தேதி எழுத்துகூட அழியாமல். ஆனால் விரிசலின் அகலத்தைக் கோடுகளால் காட்டும் அளவு அட்டையை அதன்மேல் வைத்தால், செப்டம்பரில் ஒரு கோடு காட்டிய இடத்தில் இப்போது மூன்று காட்டியது. விரிசல் அகன்றால் கண்ணாடி உடைய வேண்டும். உடையாமல் எப்படி அகலும்? அட்டையைத் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன், என் மூக்குக் கண்ணாடியை. என் பழைய பேராசிரியருக்கு ஃபோன் போட்டால் அவர் சிரித்தார்: "கண்ணாடி பொய் சொல்லாதுடா. நீ செப்டம்பர்ல தப்பா அளந்திருப்ப."

அக்கா சற்றுத் தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சோர்ந்து போயிட்டீங்களே தம்பி. சுவரு நல்லாத்தான இருக்கு?" என்றார்.

நல்லாத்தான் இருக்கு என்று எழுதிக் கொடுத்தேன். சுவர் நகரவில்லை, திருவிழாப் பூசையைக் கோயிலுக்குள்ளேயே நடத்தலாம் என்று கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்தேன். இடிக்கக் கூடாது என்றவர்கள் எனக்கு மாலை போடாத குறை. இடிக்கச் சொன்னவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பொங்கல் கழிந்து திருவிழா. அன்று உள்ளே அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்கும். தெற்குச் சுவரோரம் எப்போதும் பெண்களும் கைப்பிள்ளைகளும்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது வேறு சைட்டுக்குப் போகிற வழியில், ஃபோன் பண்ணாமல், மத்தியானம் கோயிலுக்குள் நுழைந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்லாமல் போனேன். அக்கா ஸ்டூல்மேல் ஏறி நின்று, தெற்குச் சுவரில் ஒரு கண்ணாடிப் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்து, மார்க்கரை எடுத்து, நாலு என்ற எண்ணையும் செப்டம்பர் தேதியையும் என் கையெழுத்தைப் போலவே எழுதினார். என் நாலுக்கு ஒரு கோணல் உண்டு. அந்தக் கோணலும் இருந்தது.

நான் கூப்பிட்டதும் திரும்பினார். பயப்படவில்லை. கூச்சம்தான் பட்டார், குளித்துக்கொண்டிருக்கும்போது பார்த்துவிட்டதைப் போல.

"எத்தனை தடவை அக்கா மாத்துனீங்க?"

"எண்ணலையே தம்பி. உடைஞ்ச அன்னைக்கே மாத்திருவேன். மழை பெஞ்ச மறுநாள் ரெண்டு மூணு போயிரும். பக்கத்துல குழி தோண்டுனாங்கள்ல, அந்த வாரம் தினம் ஒண்ணு. போட்டோ பிரேம் கடையில வெட்டுன மிச்சத்தைச் சும்மா குடுக்குறாக."

நான் நான்கு மாதம் அலைந்து கண்டுபிடிக்காததை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எப்போது நகர்கிறது, எதனால் நகர்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது எல்லாமே அதில் இருந்தது. அதைவிட நல்ல அறிக்கை எந்தப் பொறியாளரும் எழுத முடியாது.

"அது உடைஞ்சா சுவரு போகுதுன்னு அர்த்தம் அக்கா! உங்களுக்குத் தெரியாதா?"

"உடைஞ்ச கண்ணாடியை வச்சிக்கிட்டுக் கொடியேத்த முடியுமா தம்பி? வீட்டுலயே வைக்கக் கூடாதும்பாக. இது கோயிலு." மார்க்கரை மூடிவிட்டு, "அப்புறம் நீங்களும் வந்து பாத்தா மனசு கஷ்டப்படுவீக" என்றார்.

தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா? கோயில் போனால் அறை போகும், அதற்காகச் செய்தாரா? நான் அவர் கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அடுத்த நொடி பயம் வந்தது. முத்திரை என்னுடையது. நவம்பரில் வராமலே வந்ததாக எழுதிய கை என்னுடையது. அட்டை காட்டியதை நம்பாமல் விட்டது என் புத்தி. ஃபாதரிடம் உண்மையைச் சொன்னால் இனி மதுரையில் ஒரு காம்பவுண்டுச் சுவர்கூட என்னை நம்பித் தரமாட்டார்கள். சொல்லாவிட்டால் பத்து நாளில் அந்தச் சுவரடியில் பிள்ளைகள் நிற்கும்.

"சொல்லித்தான் ஆகணும் அக்கா" என்றேன்.

"சொல்லணும்னா சொல்லிருவோம். வாங்க, நானும் வாரேன்" என்றார். ஸ்டூலை எடுத்து ஓரத்தில் வைத்தார். சிந்திய பிளாஸ்டரைத் துடைத்த பிறகுதான் கிளம்பினார்.

ஃபாதர் திருவிழா நோட்டீஸைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமி, எங்கே ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அக்கா பேசிவிட்டார்.

"சாமி, தம்பி போன வாரமே உங்கட்டக் குடுக்கச் சொல்லி ஒரு கடுதாசி குடுத்துச்சு. முதல்ல எழுதுனது தப்பு, சுவரு நிக்காது, உள்ள யாரையும் விடாதீகன்னு. நான்தான் குடுக்காமக் கிழிச்சுப் போட்டேன்."

ஃபாதர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?"

"திருவிழா நின்னுபோயிருமேன்னு."

ஃபாதர் என்னைப் பார்த்தார். "அப்படியா சார்?"

அப்படி ஒரு கடிதமே கிடையாது. இல்லை ஃபாதர் என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். என் தலை தானாக ஆடியது, ஆமாம் என்று. இன்றைக்கு வரை அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

திருவிழாப் பூசை வெளியே பந்தலில் நடந்தது. தெற்குச் சுவருக்குச் சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்து, கோயிலைப் பூட்டினார்கள். பேரவை கூடி, இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்த ஆளிடம் சாவி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தது. இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அதுதான். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார். அறையைக் கழுவிவிட்டு, சுவரில் ஆணி அடித்த துளைகளைக்கூடச் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டு, தங்கச்சி வீட்டுக்குச் சோழவந்தான் போய்விட்டார்.

இதற்கு மேலும் என்னைக் குழப்புவது எது தெரியுமா? அந்தச் சுவர் இன்னும் விழவில்லை. இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பக்கத்து அடுக்குமாடியில் குடியே வந்துவிட்டார்கள். முட்டுக் கட்டைகளில் கறையான் ஏறிவிட்டது. சுவர் நிற்கிறது. சில நாள் அந்தச் சந்து வழியாகப் போகும்போது, விழுந்து தொலையேன், சுவர் நிற்காது என்றதாவது சரி என்று ஆகட்டும் என்று மனம் கேட்கிறது. உடனே என்னையே திட்டிக்கொள்கிறேன்.

போன மாதம் சோழவந்தான் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். "வாங்க தம்பி, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். நான் நேராகக் கேட்டேன்.

"எனக்காக எதுக்கு அக்கா பொய் சொன்னீங்க?"

"உங்களுக்காகவா?" என்று நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "சாமி பாவம் தம்பி. சின்ன வயசு. ஊரை விட்டு வந்து ரெண்டே பேரைத்தான் நம்புனாரு. உங்களை ஒண்ணு, என்னை ஒண்ணு. ரெண்டு பேருமே தப்புன்னா அந்த மனுசன் எப்படித் தாங்குவாரு? ஒரு ஆளு தப்பாயிருந்தாப் போதும்ல?"

அந்த ஒரு ஆள் ஏன் நானாக இருக்கக் கூடாது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கறிக்குழம்பு ஊற்றினார். சாப்பிட்டேன். அவருக்கு இருந்தது அந்தத் தங்கச்சி வீட்டு நடையில் ஒரு பாய் அளவு இடம். தங்கச்சி புருஷன் அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

திரும்பி வந்து இரண்டு நாள் தூங்கவில்லை. ஃபாதருக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அவர் போவதற்குள் சொல்லிவிடுவது என்று நேற்று போனேன். இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்: கடிதம் கிடையாது, நவம்பரில் நான் வரவே இல்லை, விரிசல் அகன்றதை அட்டை காட்டியும் கையெழுத்துப் போட்டேன், அக்காவை மறுபடி கூப்பிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

ஃபாதர் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"உங்க மனசு எனக்குத் தெரியும் சார். அந்தம்மா கஷ்டப்படுறதைப் பாத்துட்டு வந்திருக்கீங்க. அதுக்காக உங்க பேரையே கெடுத்துக்கத் தயாராயிட்டீங்களே!"

"இல்லை ஃபாதர், கடிதமே இல்லை. நான் குடுக்கவே இல்லை."

"அதான் கிழிச்சுட்டாங்களே சார். இப்ப எப்படி இருக்கும்?"

மறுபடி சொன்னேன். நவம்பர் ஃபோனைச் சொன்னேன். அவர் சிரித்தார். போகிற ஊரில் கோயில் கட்டுகிறார்களாம், வேலையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம், என்னைப் பற்றி ஆயருக்கு ஏற்கெனவே எழுதிவிட்டாராம். மேஜை இழுப்பறையிலிருந்து அதன் நகலை எடுத்து நீட்டினார். தன் தவறு தெரிந்த அன்றே யாரும் கேட்காமல் ஒப்புக்கொள்ளும் மனிதர் என்று என்னைப் பற்றி அதில் எழுதியிருந்தது.

மூன்றாம் தடவை சொல்ல வாயெடுத்தேன். "காபி சாப்பிடுங்க சார்" என்றார். காபி வந்தது. குடித்துவிட்டு, கடிதத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.